பட்டறிவே தகுதியாகும் பணி

போதைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீண்டு, அந்த மீட்சியில் சில காலமேனும் உறுதியாக நிலைத்திருக்கும் ஒருவர், அதே பாதையில் இப்போதுதான் அடியெடுத்து வைக்கும் இன்னொருவருக்குத் தம் பட்டறிவையே கருவியாகக் கொண்டு முறைப்படி துணைநிற்பது, அண்மைப் பத்தாண்டுகளில் ஊதியத்துக்குரிய ஒரு பணியாக உருவெடுத்திருக்கிறது. அமெரிக்காவில் இவர்களை 'ரெக்கவரி கோச்' என்றும் 'பியர் ஸ்பெஷலிஸ்ட்' என்றும் அழைக்கிறார்கள். இந்திய மறுவாழ்வு மையங்களில் 'பியர் எஜுகேட்டர்' என்ற பெயர் புழங்குகிறது. பொதுப்பெயராக மீட்சித் துணையாளர் என்று கொள்ளலாம். இவர் மருந்து எழுதுவதில்லை, நோயைக் கண்டறிந்து சொல்வதில்லை, உளவியல் சிகிச்சை அளிப்பதுமில்லை. வேறெந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் மறைத்துவைக்க வேண்டிய வாழ்க்கைப் பகுதிதான் இங்கே முதல் தகுதியாகக் கேட்கப்படுகிறது என்பதே இப்பணியின் தனித்தன்மை. அதன் சிக்கல்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இப்படியொரு பணிக்குத் தேவை எழுந்த காரணத்தை அறிய, அடிமைத்தனம் எத்தகைய நோய் என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை குணமாக்கி அனுப்பிவிடும் நோயாக அல்லாமல், கட்டுக்குள் இருப்பதும் மீண்டும் தலைதூக்குவதுமாக நீளும் நாட்பட்ட நோயாகவே மருத்துவ உலகம் இன்று அதைக் கருதுகிறது. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் மீண்டும் போதைப்பொருளைத் தொட்டுவிடுகிறார்கள் என்பது அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்களில் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும் விகிதமும் ஏறத்தாழ இதே அளவில்தான் இருக்கிறது. மதுவை நிறுத்தியதும் தோன்றும் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை போன்ற விலகல் குறிகளைத் தக்க மருந்துகளால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடக்கிவிட முடிகிறது. சம்பள நாள், கல்யாண வீட்டு விருந்து, பழைய கூட்டாளியின் அழைப்பு, வீட்டாரின் சந்தேகப் பார்வை, வெறுமையாக நீளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிய சோதனைகளெல்லாம் அதன் பிறகு, மருத்துவமனைக்கு வெளியேதான் வருகின்றன. ஆலோசகரை வாரத்துக்கு ஒரு மணி நேரம் சந்திப்பவருக்கு மீதி 167 மணி நேரம் எஞ்சியிருக்கிறது. அந்த நேரத்தில் யாரிடம் பேசுவது என்ற கேள்விக்கான விடைகளுள் ஒன்றாகவே மீட்சித் துணையாளர் வருகிறார்.

இதன் வேர் 1935-இல் இருக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் மேற்கொண்ட வணிக முயற்சி ஒன்று தோற்றுப்போக, விடுதியின் மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்று அஞ்சி, அங்கிருந்த தொலைபேசியை எடுத்து அவ்வூர்த் தேவாலயத்தாரை அழைத்து, தாம் பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. வில்சன் அன்று தேடியது ஸ்மித்தைத் திருத்துவதற்காக அன்று, தாம் குடிக்காமல் இருப்பதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். உதவுகிறவருக்கே உதவி மருந்தாகிறது என்னும் இந்த உண்மையைச் சமூக உளவியலாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இல் ஒரு கோட்பாடாக வகுத்துரைத்தார். மீட்சித் துணை பற்றிய ஆய்வுகள் இன்றுவரை அக்கோட்பாட்டைத் தொட்டே செல்கின்றன.

அவ்வியக்கத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே ஊதியம் பற்றிய கேள்வியும் எழுந்துவிட்டது. வில்சன் வருமானமின்றித் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அவர் சிகிச்சை பெற்ற நியூயார்க் மருத்துவமனையின் உரிமையாளரான சார்லஸ் டவுன்ஸ், அங்கேயே ஊதியத்துடன் குடிநோயாளிகளுக்கு உதவும் பணியைத் தர முன்வந்தார். வில்சனுக்கு அதில் மிகுந்த விருப்பம். ஆயினும் அவர் வீட்டில் கூடிய தோழர்கள், பணத்துக்காகச் செய்யத் தொடங்கினால் இந்த உறவின் உயிரே போய்விடும் என்று கருதி மறுக்க, அவரும் அதற்குப் பணிந்தார். ஒரு குடிநோயாளி மற்றொரு குடிநோயாளிக்குச் செய்யும் உதவிக்குக் கட்டணம் கூடாது என்பது பின்னர் அவ்வியக்கத்தின் எழுதப்பட்ட மரபுகளுள் ஒன்றாயிற்று. இன்றும் ஏ.ஏ. கூட்டங்களில் புதியவரின் கைபிடித்து வழிகாட்டும் 'ஸ்பான்சர்' எனப்படும் மூத்த உறுப்பினர் ஒரு காசும் பெறுவதில்லை.

மருத்துவமனைகளோ வேறு வழியில் சென்றன. மின்னசோட்டா மாநிலத்தின் வில்மர் அரசு மருத்துவமனையில், மீண்ட குடிநோயாளிகளை மருத்துவர்கள், உளவியலாளர்களோடு சேர்த்துப் பணியமர்த்த வழிவகுக்கும் வகையில், 1954-இல் அம்மாநில அரசு அதற்கென ஆலோசகர் பதவி ஒன்றையே உருவாக்கியது. பட்டப்படிப்பு கேட்காத அந்தப் பதவி, 'மின்னசோட்டா முறை' என்று உலகெங்கும் பரவிய சிகிச்சை முறையின் முதுகெலும்பாயிற்று. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் ஆலோசகர்களுக்குச் சான்றிதழும், பின்னர்ப் பட்டமும், அதன் பின்னர் முதுகலைப் பட்டமும் படிப்படியாகக் கட்டாயமாக, வாழ்ந்து பெற்ற அறிவு பின்னுக்குப் போய், மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்ற பழைய இடைவெளி மறுபடியும் விழுந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1990-களின் இறுதியில் மீட்சித் துணையாளர் என்ற புதிய பணி தேவைப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு முறை ஒரே கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதை இத்துறையினர் மறக்காமலிருப்பது நல்லது.

1998-இல் கனெக்டிகட் மாநிலத்தில், மீண்டவர்களே கூடி நடத்தும் சமூக அமைப்பாகத் தொடங்கப்பட்ட சி.சி.ஏ.ஆர்., பின்னாளில் துணையாளர்களுக்கான ஐந்து நாள் பயிற்சியை வகுத்து நாடு முழுவதும் கொண்டுசென்றது. மனநலத் துறையில் இதே போன்ற பணிக்கு ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெயிட் வழியே ஊதியம் பெறும் வழியை 1999-இல் ஜார்ஜியா மாநிலம் முதன்முதலாகத் திறந்தது. 2007 ஆகஸ்டில் அமெரிக்க நடுவண் அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில், இப்பணியைச் சான்றுகளின் அடிப்படையிலான பராமரிப்பு முறையாக ஏற்று, மேற்பார்வை, மற்றப் பராமரிப்போடு ஒருங்கிணைப்பு, பயிற்சியும் சான்றிதழும் என மூன்று நிபந்தனைகளை விதித்தது.

பல மாநிலங்கள் பின்பற்றும் சான்றிதழ் முறை ஒன்றில் 46 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேரக் களப்பணி, 25 மணி நேர மேற்பார்வை ஆகியவை கேட்கப்படுகின்றன. பயிற்சியில் உரிமைகளுக்காகப் பரிந்து பேசுதல், வழிகாட்டுதல், மீட்சிக்கும் நலவாழ்வுக்கும் துணைநிற்றல் ஆகிய மூன்றுக்கும் தலா 10 மணி நேரம். பணி நெறிக்கு மட்டும் 16 மணி நேரம். எப்படி உதவுவது என்பதைவிட எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைக் கற்பிக்கக் கூடுதல் நேரம் வேண்டியிருக்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இப்பணியின் மிகக் கடினமான வடிவத்தை ரோட் ஐலண்டு மாநிலத்தில் காணலாம். ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள்களை அளவு மீறி எடுத்து மூச்சடங்கும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவர்களிடம் துணையாளர்களை நேரடியாக அனுப்பும் திட்டம் 2014-இல் அங்கே தொடங்கப்பட்டது. மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நலோக்சோன் என்னும் மருந்து, மூளையில் போதைப்பொருள் பற்றியிருக்கும் இடங்களிலிருந்து அதை ஒரேயடியாக விலக்கிவிடுவதால், உயிர் பிழைத்தவர் குமட்டல், உடல்வலி, நடுக்கம், கடுஞ்சினம் ஆகியவற்றோடு விழித்தெழுகிறார். சுற்றியிருப்பவர்களைத் திட்டிவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்பதே அப்போது அவருக்குள்ள ஒரே எண்ணம். மருந்தின் பலன் முப்பது முதல் தொண்ணூறு நிமிடங்களில் குறைந்துவிடும், உடலில் எஞ்சியிருக்கும் போதைப்பொருள் மீண்டும் மூச்சை அடக்கக்கூடும் என்பதால், அந்த நேரத்தில் அவர் வெளியேறுவது பேராபத்து. படுக்கையருகில் வந்து உட்காரும் துணையாளர் அறிவுரை எதையும் தொடங்குவதில்லை. தண்ணீரோ போர்வையோ வேண்டுமா என்று கேட்டு, தாமும் இப்படியொரு படுக்கையில் கிடந்தவர்தான் என்று ஓரிரு சொற்களில் கூறிவிட்டு, அவர் பேசும்வரை காத்திருக்கிறார். சிகிச்சைக்கு வர மறுப்பவரிடம்கூட நலோக்சோன் பெட்டி ஒன்றையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு, மறுநாள் தாமே அழைக்கிறார்.

அன்றாடப் பணி இவ்வளவு அவசரமானதன்று. பெரும்பாலும் சிறுசிறு வேலைகளால் ஆனது. நீதிமன்றத் தேதிக்கு உடன் செல்வது, தொலைந்த அடையாள அட்டையை மீண்டும் பெற்றுத் தருவது, முதல் குழுக் கூட்டத்துக்கு வாசல்வரை வந்து தயங்குபவரோடு உள்ளே போய் அமர்வது, மதுக்கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்குச் செல்லும் பாதையைச் சேர்ந்து வகுப்பது என அது விரிகிறது. குடிக்க வேண்டும் என்ற வேட்கை அலைபோல எழுந்து, இடங்கொடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுவதால், அந்த அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதே சில நாள்களில் முழு வேலையாகவும் அமையலாம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது இப்போது அழுத்துகிறது என்று கேட்பது மீட்சிக் குழுக்களில் நெடுநாளாக வழங்கும் ஒரு நடைமுறை. நேரத்துக்குச் சாப்பிடாததும் குடிக்கத் தூண்டும் என்பது பட்டவர்களுக்கு உடனே விளங்கும், மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

பேசும் முறையும் பயின்று பெற வேண்டியதே. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் என்னும் முறை இப்பயிற்சிகளில் கற்பிக்கப்படுகிறது. குடியை விட வேண்டிய காரணங்களை மற்றவர் அடுக்கினால், கேட்பவர் விட முடியாத காரணங்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறார் என்பதால், திறந்த கேள்விகளைக் கேட்டு, மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவழைப்பது அதன் சாரம். தம் கதையைச் சொல்வதிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். துணையாளரின் பெரும் பலம் அக்கதைதான். ஆனால் அதைச் சொல்வதால் யாருக்குப் பயன் என்ற கேள்வியை எழுப்பாமல் நீட்டி முழக்கத் தொடங்கினால், உதவி தேடி வந்தவர் பார்வையாளராகிவிடுகிறார். தமக்குக் கைகொடுத்த வழியே எல்லோருக்கும் ஒரே வழி என்று நம்பிவிடுவதுதான் இப்பணியில் மிக எளிதாக நேரும் பிழை.

அந்தப் பிழை உயிருக்கும் ஆபத்தாகலாம். ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெதடோன், புப்ரநார்ஃபின் ஆகிய மருந்துகள் மரண ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பது உறுதியான மருத்துவ முடிவு. எனினும் மருந்தின் துணையோடு பெறுவது உண்மையான மீட்சியன்று என்ற எண்ணம் சில மீட்சிக் குழுக்களில் இன்னும் உண்டு. அந்த எண்ணத்தோடு வரும் துணையாளர் ஒருவர் மருந்தை நிறுத்தச் சொன்னால், தாங்குதிறன் குறைந்துவிட்ட உடல் பழைய அளவைத் தாங்காமல் அடுத்த முறையே உயிர் போகக்கூடும். மதுவிலும் இதைப் போன்ற எல்லை உண்டு. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாள்களில் மனக்குழப்பம், இல்லாதது தோன்றுதல், காய்ச்சல் ஆகியவற்றோடு கூடிய கடும் விலகல் நிலையும் ஏற்படலாம் என்பதால், மன உறுதியோடு வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று தைரியம் கூறுவது துணையாகாது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே துணை.

இவ்வளவும் பயன் தருகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை நம்பிக்கையானது, ஆனால் முழுமையானதன்று. துணையாளரின் உதவி பெறுவோர் சிகிச்சையில் நீடிப்பதும், மருத்துவர்களோடு இணக்கமாக இருப்பதும் மேம்படுவதாகப் பல ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. இந்த உதவி எப்போதும் பிற உதவிகளோடு சேர்ந்தே தரப்படுவதால், எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது கடினமாக இருக்கிறது. ஊதியமில்லாத ஏ.ஏ. வழிக்கு இதைவிட வலுவான சான்று உண்டு. 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசி, முறைப்படி அவ்வியக்கத்தோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலானது என்று கண்டது.

பணியாளரின் பக்கமும் பார்க்கப்பட வேண்டும். தம்மோடு பழகியவர் மீண்டும் போதைக்குத் திரும்புவதையும், சில வேளைகளில் இறந்துபோவதையும் காண நேரும் துணையாளர், ஒவ்வொரு நாளும் தம் பழைய வாழ்க்கையின் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஊதியமோ குறைவு. அவரே வழுக்கி விழ நேர்ந்தால், உடல்நலமும் மதிப்பும் வேலையும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும் என்பதால், அதை மறைக்கவே முயல்வார். மறைப்பது நோயை வளர்க்கும். வாரந்தோறும் மனம்விட்டுப் பேசக்கூடிய மேற்பார்வையாளரும், நோய் திரும்பினால் விடுப்பும் சிகிச்சையும் தந்து மீண்டும் ஏற்றுக்கொள்ளும் விதிமுறையும் இல்லாத இடத்தில் இந்தப் பணியை உருவாக்குவது, மீண்டவர்களை மலிவான கூலியாள்களாக்குவதே ஆகும்.

இந்தியாவில் இத்தேவை எவ்வளவு பெரிது என்பதை நடுவண் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி, அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு மதுச் சிக்கலுக்கான உதவி தேவை; மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்ட பிறகும் 4,800-க்கு மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் இயங்கின என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சக மனிதரின் துணை என்பது இங்கு புதிதன்று. ஏ.ஏ. இயக்கம் 1957-இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. தமிழில் நடக்கும் கூட்டங்களில், "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பகிர்கிறார்கள். கணவரை மதுவால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயைக் குடும்பம் முழுவதற்குமான நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்கும் முறையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மணிப்பூரில் ஹெராயினும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து தாக்கியபோது, 1990-களின் தொடக்கத்தில் இம்பாலில் எழுந்த சாசோ அமைப்பைத் தொடங்கியவர்கள் முன்பு போதைப்பொருள் பயன்படுத்தியவர்களே.

அரசு நிதி பெறும் மறுவாழ்வு மையங்களில் மீண்டவர் ஒருவரைப் பியர் எஜுகேட்டராக நியமிக்க இடமிருக்கிறது. ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கான எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்களிலும் அப்பதவி உண்டு. ஆனால் அத்திட்டங்களில் அவர்கள் பெறுவதற்கு மதிப்பூதியம் என்று பெயர். மதிப்பு பெயரில் இருக்கிறது, ஊதியம்தான் போதவில்லை. சிகிச்சை முடித்தவர்கள் போக்கிடமின்றி உணவுக்கும் தங்குமிடத்துக்குமாக மையத்திலேயே வேலை பார்ப்பதும், அவர்களுக்குத் தனிப் பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாததும் இத்துறையில் அரிதன்று. பட்டப்படிப்பைக் கேட்டு இந்தக் கதவை மீண்டும் அடைத்துவிடாமல், குறுகிய பயிற்சி, தகுந்த ஊதியம், தொடர்ந்த மேற்பார்வை ஆகிய மூன்றையும் சட்டப்படி உறுதி செய்வதே இங்கு செய்யத்தக்கது. பெண்களுக்குப் பெண் துணையாளர்கள் வேண்டும் என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டும், ஏனெனில் குடிக்கும் பெண் வெளியே சொல்லி உதவி கேட்பது ஆணைவிடப் பன்மடங்கு கடினம்.

வீட்டில் ஒருவருக்காக மையம் தேடும் குடும்பத்தினர், அது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும். அங்கே மீண்டவர்கள் பணிபுரிகிறார்களா, அவர்களுக்குப் பயிற்சி அளித்தது யார், மேற்பார்ப்பது யார், வீடு திரும்பிய பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார்கள் என்று அடுத்துக் கேட்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் நடுவண் அரசின் கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்ணான 14446-ஐ அழைக்கலாம்.